பகை மூட்டிய வானொலிக்குப் பின் ஒரு நாடகம்



கலை மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரே கத்தி தூக்கிய ஊரிலும் அது நடக்குமா? ருவாண்டாவில் ஒரு வானொலி நாடகம் இந்தக் கேள்விக்குப் பாதி பதிலாவது சொல்லியிருக்கிறது.

1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய 100 நாட்களில் அந்தச் சிறிய ஆப்பிரிக்க நாட்டில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். கொலைக்கு உடன்படாத ஹூட்டு இனத்தவரும் பலியானார்கள். இதற்குத் தூபம் போட்டது ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி. துள்ளலான பாட்டும் அரட்டையும் போட்டு ஆள் சேர்க்கும். நடுநடுவே டுட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று ஏசும். இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். அதை நிறுவியவர்களில் இருவரை 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது.

அடுத்த ஆண்டே, அதே மக்களின் வானொலிப் பெட்டிகளில் ‘முசெகெவெயா’ என்ற தொடர்நாடகம் ஒலிக்கத் தொடங்கியது. ஹூட்டு, டுட்சி என்ற பெயர்களே அதில் வராது. பூமான்சி, முஹுமுரோ என்று இரண்டு கற்பனை ஊர்கள். இரண்டுக்கும் நிலத்தகராறு. ஆத்திரத்தைக் கிளறிவிட ஒரு தலைவர். அவருடைய சகோதரிக்கோ எதிரூர் இளைஞன்மேல் காதல். யார் கதை இது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் யாரையும் கைநீட்டிக் குற்றம் சொன்னதாக ஆகாது.

இதனால் பலன் உண்டா என்று எலிசபெத் லெவி பலக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஓராண்டு காலம் சோதித்துப் பார்த்தார். சில ஊர்களில் மக்கள் குழுவாக உட்கார்ந்து இந்த நாடகத்தைக் கேட்டார்கள். வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய தொடரைக் கேட்டார்கள். முடிவுகள் 2009இல் வெளிவந்தன. நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. நாலு பேர் நடுவில் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான் மாற்றம் தெரிந்தது.

கடைசி நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டேப் ரிக்கார்டரும் ஒலிநாடாக்களும் பொதுச் சொத்தாகத் தரப்பட்டன. யார் வைத்துக்கொள்வது? உடல்நலத் தொடர் கேட்ட குழுக்களில், உள்ளூர்த் தலைவரிடமே இருக்கட்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிட்டார்கள். முசெகெவெயா கேட்ட குழுக்களிலும் அதே யோசனை வந்தது. ஆனால் அங்கே யாராவது ஒருவர் மறுத்தார். நாமே பார்த்துக்கொள்ளலாமே என்றார். பேச்சு சூடுபிடித்தது.

ஒரு டேப் ரிக்கார்டருக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். மேலிடத்துக் கட்டளைக்கு மறுபேச்சு பேசாமல் பலர் கீழ்ப்படிந்ததும் அந்தப் படுகொலை அத்தனை வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட நாட்டில், கூட்டத்தில் ஒருவர் வாய்திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவது பெரிய காரியம்.

எனவே, ஒரு நாடகம் பகையைத் தீர்த்துவிட்டதா என்று கேட்பதில் பயனில்லை. வழக்கும் தண்டனையும் நிலப்பங்கீடும் செய்ய வேண்டியதைக் கலை செய்துவிடாது. வாயடைத்துப்போன ஊரில் மாற்றுக்கருத்து பேச அது தைரியம் தருகிறதா என்று கேட்கலாம். சமாதானத்துக்காகக் கலைநிகழ்ச்சி நடத்துகிறவர்கள், கைதட்டி முடிந்ததும் கூட்டத்தைக் கலைத்துவிடாமல், கூடவே உட்காரவைத்துப் பேசவும் விட வேண்டும்.