சுவருக்குள் மருந்துப் பேழை



சுவரிலே குழிவு அமைத்து அதனுள் பொருள் வைக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களுக்குப் புதியதன்று. விளக்கு மாடம் அத்தகையதே. ஆயினும் மாடம் சுவர் எழும்போதே உடன் எழுந்தது. கட்டி முடிந்த குளியலறைச் சுவரைப் பின்னர்க் குடைந்து, கண்ணாடிக் கதவுடைய மருந்துப் பேழையைப் பதிப்பதோ வேறொரு வேலை. சுவரின் இயல்பை அறியாமல் அதனைத் தொடங்குதல் தகாது.

இவ்வகைப் பேழை பெரிதும் பரவியது அமெரிக்க நாட்டிலேயாகும். அங்கு வீட்டின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் பலகை அறைந்து அமைக்கப்படுவன. சட்டங்கள் நடுவுக்கு நடு 16 அங்குலமாக நிற்கும். ஒரு சட்டத்தின் கனம் 1½ அங்குலம். எஞ்சும் இடைவெளி 14½ அங்குலம். ஆகவே, 14 அங்குல அகலமுள்ள பேழை அங்கே எளிதிற் பொருந்திவிடும். பழைய பேழைகள் பலவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு கீற்றுத் துளையும் இருந்தது. மழுங்கிய சவர அலகுகளை அதனூடே போட்டால், அவை சுவரின் வெற்றிடத்துள் வீழ்ந்து கிடக்கும். பல்லாண்டுகளின் பின் அச்சுவரை உடைப்போர் துருவேறிய அலகுக் குவியலைக் கண்டு திகைப்பதுண்டு.

இலங்கை வீடுகளின் செங்கற் சுவரில் இத்தகைய வெற்றிடம் இல்லை; குடைந்தே இடம் தேடவேண்டும். 9 அங்குலச் சுவராயின் 4 அங்குல ஆழம்வரை குடையலாம். 4½ அங்குலச் சுவராயின் குடைதல் ஆகாது. உள்ளீடற்ற சீமெந்துக் கல்லாயின் அதன் ஓடே உடைந்துவிடும். இவ்விரண்டிலும் பேழையைச் சுவரின்மேல் மாட்டுவதே அறிவுடைமை. கூரையையோ மேல்மாடியையோ தாங்கும் சுவராயின், கட்டடம் அறிந்தவரிடம் கேளாமல் உளியை எடுத்தல் கூடாது.

சுவருக்குள் மறைந்து ஓடும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் அடுத்த அபாயம். குழாய் வாய்க்கும் மின்விசைக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ள பகுதியைத் தவிர்த்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் மின்சாரத்தை நிறுத்தித் தண்ணீரையும் அடைத்துவிடுதல் நன்று.

முதலில் மேற்பகுதியிலே இரும்புக்கம்பி இட்ட கொங்கிறீற்று லிண்டலை, இருபுறமும் 6 அங்குலம் சுவரில் தங்குமாறு பதித்தல் வேண்டும். சாந்து நன்கு இறுகிய பின்னரே அதன் கீழுள்ள கற்களை ஒவ்வொன்றாக அகற்றலாம். பேழையை மட்டம் பார்த்து நிறுத்தி, விளிம்புகளை நீர் புகாவண்ணம் அடைத்துவிட்டால் வேலை நிறைவுறும்.

இத்துணை முயன்று அமைத்த பேழையில் மருந்தை வைக்கலாமா என்பதே முக்கியமான வினா. குளியலறையின் ஈரமும் வெப்பமும் மருந்துக்குப் பகை. அஸ்பிரின் வில்லை ஈரம் பட்டால் சிதைந்து, வினாகிரி மணம் வீசத் தொடங்கும். வேறு பல மருந்துகளோ எவ்வித மணமும் காட்டாமலே வலிமை இழந்துவிடும். நள்ளிரவிலே நோயாளிக்குக் கொடுக்கும் வில்லை வலிமையற்றதாயின், அதனை வைத்திருந்ததன் பயன் யாது? மேலும், வண்ணப் பூச்சுள்ள வில்லைகள் குழந்தையின் கண்ணுக்கு இனிப்பாகவே தோன்றும். பூட்டில்லாத பேழை, நீர்த்தொட்டியின்மேல் ஏறி நிற்கும் பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

ஆதலால் குளியலறைப் பேழையில் சவர்க்காரம், பற்பசை, சீப்பு முதலியவற்றை வைத்துக்கொள்க. மருந்துக்கென அதே முறையில் மற்றொரு பேழையை, ஈரமும் வெயிலும் படாத உலர்ந்த அறையொன்றின் சுவரில் உயரமாக அமைத்திடுக. அதற்கு ஒரு பூட்டும் இடுக. திறவுகோல் இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள பெரியவர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.