மாமாவும் வட துருவமும்: ஒரு பிழைத்திருத்தம்

(நம் சமூகக் கூடத்தில் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். போன மாதம் பேசியவருக்கும் இருபதுதான் கொடுத்தார், அவர் எப்போது முடித்தார் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய விமானப் பாதைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். வங்கியில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கும் ஸ்காண்டிநேவிய விமானக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். சம்பந்தம் என் பெரிய மாமா. அம்மாவின் அண்ணன். நார்வே நாட்டுக் கப்பல்களில் இன்ஜினியராக வேலை பார்த்தவர்.

இன்று நான் பேச வந்ததே ஒரு தப்பைத் திருத்தத்தான். இரண்டு வருஷம் முன்பு இதே கூடத்தில் பொங்கல் விழாவில், “வட துருவத்தின் மேல் பறந்த முதல் பயணிகள் விமானத்திலேயே எங்கள் மாமா போனார்” என்று மைக்கில் சொன்னேன். கைதட்டினீர்கள். அது சரியில்லை. கணக்கில் தப்பு வந்தால் அழித்து எழுதக் கூடாது, தனியாக ஒரு திருத்தப் பதிவு போட வேண்டும் என்று பி.காம். படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். அதைத்தான் இப்போது செய்கிறேன்.

முதலில் கம்பெனியைச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஏ.எஸ். என்பார்கள், ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் சிஸ்டம். 1946 ஆகஸ்ட் மாதம் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்று நாட்டு விமானக் கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கியது. பங்கு விகிதம் ஸ்வீடனுக்கு 3, மற்ற இருவருக்கும் 2, 2. நம் கூட்டாண்மைக் கணக்குப் பாடத்தில் வருகிற கேள்வி மாதிரியே இருக்கும். மூன்று நாட்டையும் சேர்த்தால் அன்றைக்கு ஒன்றரைக் கோடி ஜனம்தான். தனித்தனியாக யாராலும் நியூயார்க்குக்கு விமானம் விட முடியாது, சேர்ந்தால் முடியும். அந்த செப்டம்பரிலேயே நியூயார்க்குக்கு விட்டார்கள். பிறகு தென் அமெரிக்கா. 1949-ல் பாங்காக், 1951-ல் டோக்கியோ. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வைக்கிங் பெயர் வைத்தார்கள்.

அந்த டோக்கியோ பாதையைக் கவனியுங்கள். கோபன்ஹேகனில் கிளம்பி, தெற்கே இறங்கி, மத்தியக் கிழக்கு, கராச்சி, நம் கல்கத்தா, பாங்காக் என்று இறங்கி ஏறி, ஜப்பான் போய்ச் சேர ஐம்பது மணி நேரத்துக்கு மேல். பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அதிகம்.

மாமா 1969-ல் லீவில் வந்தபோது இதை எங்களுக்கு ஒரு சாத்துக்குடியை வைத்து விளக்கினார். எனக்குப் பத்து வயது. சாத்துக்குடியின் தலையில் பேனாவால் ஒரு புள்ளி, அது வட துருவம். ஒரு பக்கம் டென்மார்க், எதிர்ப்பக்கம் ஜப்பான். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல். “இழுத்துப் பிடிடா, எங்கே போகுதுன்னு பாரு” என்றார். நூல் தெற்கே போகவில்லை, மேலே ஏறி ரஷ்யாவின் மேல் போனது. அது சுமார் 8,700 கிலோமீட்டர்தான். “அப்புறம் ஏன் மாமா கல்கத்தா வழியா சுத்தறாங்க?” என்றேன். “ரஷ்யாக்காரன் விடமாட்டான்” என்றார். பிறகு நூலை ரஷ்யாவைத் தொடாமல் நகர்த்தி, துருவப் புள்ளியை ஒட்டிக் கொண்டுபோய், அந்தப் பக்கம் அலாஸ்காவில் ஆங்கரேஜ் என்ற ஊரில் நிறுத்தி, அங்கிருந்து ஜப்பானுக்கு இறக்கினார். அது சுமார் 12,500 கிலோமீட்டர். நேர் வழியை விட அதிகம், ஆனால் கல்கத்தா வழியை விடக் குறைவு.

அப்புறம் சாத்துக்குடியை உரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். என் பங்குக்கு சைபீரியா வந்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பாதையை எஸ்.ஏ.எஸ். 1957 பிப்ரவரி 24 அன்று திறந்தது. கோபன்ஹேகனிலிருந்து ஒரு டி.சி.-7சி, டோக்கியோவிலிருந்து இன்னொன்று, ஒரே நாளில். இரண்டும் துருவப் பகுதி வானில் ஒன்றையொன்று கடந்தன. ஐம்பது மணி நேரப் பயணம் முப்பத்திரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. அதற்கு முன்பே, 1954 நவம்பரில், கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்து, கனடாவின் வின்னிபெக் வழியாக லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்குப் பாதை போட்டுப் பழகியிருந்தார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அங்கே திசைகாட்டி வேலை செய்யாது. காந்த முள் காட்டுகிற வடக்கு, கனடாவின் வட கோடியில் இருந்தது. அதன் கிட்டே போனால் முள் தடுமாறும். அதோடு வரைபடத்தில் தீர்க்கக் கோடுகள் எல்லாம் துருவத்தில் வந்து கூடுகின்றன. நீங்கள் நேராகப் பறந்தாலும், நிமிடத்துக்கு நிமிடம் “கிழக்கு”, “மேற்கு” மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தக் கோடுகளை ஒதுக்கிவிட்டு, வரைபடத்தின் மேல் கட்டம் கட்டமாக வேறு கோடு போட்டு, சுழலும் ஜைரோ கருவியை வைத்து அந்தக் கட்டத்தின்படி ஓட்டினார்கள். எஸ்.ஏ.எஸ்.-ஸில் நார்வேக்காரர் ஐனார் ஸ்வெர்ரே பெடர்சன் இதில் பெரிய கை. நட்சத்திரம் பார்த்துச் சரிபார்க்கலாம், சூரியனைப் பார்த்தும் சரிபார்க்கலாம். ஆனால் அங்கே இரண்டும் தெரியாத அந்திப்பொழுது மணிக்கணக்கில் நீளும். அதற்கும் வானத்து வெளிச்சத்தின் தன்மையைக் கொண்டே சூரியன் எங்கே இருக்கிறதென்று காட்டும் கருவி வைத்திருந்தார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கட்டம் போட்ட லெட்ஜரிலேயே காலம் தள்ளியவனுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

விமானத்தில் துப்பாக்கியும் உண்டு என்று மாமா சொன்னார். நாங்கள் கொள்ளைக்காரர்களுக்காக என்று நினைத்தோம். பனிக்கட்டியில் இறங்க நேர்ந்தால் கரடி வந்துவிடுமே, அதற்காக. குளிர் உடை, கூடாரம், எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் பறந்தார்கள். துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள். மாமாவுக்கும் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு இடைச்செருகல், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் டிக்கெட் விலையில் போட்டி போடக் கூடாது, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டணம். 1958-ல் அட்லாண்டிக் பாதையில் மலிவு வகுப்பு வந்தபோது, அதில் சாதாரண சாண்ட்விச் மட்டும்தான் கொடுக்கலாம் என்று விதி போட்டார்கள். டென்மார்க்கில் சாண்ட்விச் என்றால் ஒரே ரொட்டித் துண்டு, அதன் மேல் மீன், இறைச்சி, முட்டை என்று கோபுரம். எஸ்.ஏ.எஸ். அதையே “சாண்ட்விச்” என்று கொடுத்தது. அமெரிக்கக் கம்பெனிகள் புகார் செய்தன. சர்வதேசச் சங்கம் கூடி, சாண்ட்விச் என்றால் என்ன என்று விவாதித்து, எஸ்.ஏ.எஸ்.-ஸுக்கு இருபதாயிரம் டாலர் அபராதம் போட்டது. நம் சங்கப் பொதுக்குழுவில் கார் பார்க்கிங் பற்றி நடக்கும் விவாதத்தைக் கேலி செய்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளவும்.

சரி, மாமாவுக்கு வருகிறேன். அவர் 2009-ல் காலமானார். அவருடைய தகரப் பெட்டி எனக்கு வந்தது. உள்ளே விமான கால அட்டவணைகள், தபால் அட்டைகள், ஒரு கவரில் அந்தச் சான்றிதழ். நான் அதைத் திறந்து முழுதாகப் பார்க்கவே இல்லை. கதைதான் தெரியுமே, எதற்குப் பார்க்க வேண்டும்? 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. தரைத்தளத்தில் நாங்கள் இருந்ததால் பெட்டியும் தண்ணீரில் நின்றது. அன்றைக்கு நம் வாட்ச்மேன் இடுப்பளவுத் தண்ணீரில் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்து மாடிக்கு ஏற்றினார். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அட்டவணைகளில் பாதி கூழாகிவிட்டது. மிச்சத்தை மொட்டைமாடியில், எதிர் வீட்டு அம்மாவின் வடாம் துணியில் காய வைத்து, அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

போன ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பேத்தி அந்தப் பையைப் பிரித்தாள். சான்றிதழில் ஓரமெல்லாம் கறை. ஆனால் தேதி தெளிவாக இருந்தது. 1966 நவம்பர்.

1957 இல்லை. ஒன்பது வருஷம் வித்தியாசம். 1966-ல் அந்தப் பாதையில் டி.சி.-8 ஜெட் விமானம் ஓடிக்கொண்டிருந்தது, பயண நேரம் முன்னதில் ஏறக்குறைய பாதி. ஜப்பானில் கட்டி முடித்த ஒரு புதுக் கப்பலை எடுத்துவர மாமாவை அனுப்பியிருக்கிறார்கள். பல கம்பெனிகள் அப்போது ஆங்கரேஜ் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. மாமா போனது ஒரு சாதாரண வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ புறப்பட்ட விமானம்.

எனக்கு மாமா மேல் கோபம் வந்தது. செத்துப்போன மனிதர் மேல் கோபப்படுவது அசிங்கம்தான், ஆனாலும் வந்தது. நாற்பது ஐம்பது வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அம்மாவிடம் போய், “உங்க அண்ணா பொய் சொல்லியிருக்காரும்மா” என்றேன். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. காது மந்தம், ஞாபகம் கத்தி மாதிரி. சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவன் எப்படா முதல் பிளேன்ல போனேன்னு சொன்னான்? முதல் நாள் ரெண்டு பிளேன் வானத்துல சந்திச்ச கதையைச் சொன்னான். நீதான் மறுநாள் பள்ளிக்கூடத்துல போய் எங்க மாமா அதுல இருந்தார்னு அளந்துட்டு வந்தே. வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். புள்ளை ஆசையா சொல்லியிருக்குன்னு அண்ணாவும் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டான்.”

ஆக, பொய்க் கணக்கு எழுதியது நான். சாட்சிக் கையெழுத்துப் போடாமல் விட்டுவைத்தவர் மாமா. இதுதான் என் திருத்தப் பதிவு.

இனி அந்தப் பாதை என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். ரஷ்யா மெல்ல மெல்லக் கதவைத் திறந்தது. 1967-ல் எஸ்.ஏ.எஸ். தாஷ்கண்ட் வழியாக பாங்காக், சிங்கப்பூருக்கு ஒரு பாதை போட்டது. 1971-ல் மாஸ்கோ வழியாக டோக்கியோ. பாங்காக்கில் அவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. தாய் ஏர்வேஸ் இன்டர்நேஷனல் தொடங்கியபோது 30 சதவீதப் பங்கு எஸ்.ஏ.எஸ்.-ஸுடையது, 1977-ல்தான் அதைத் தாய்லாந்து அரசுக்குக் கொடுத்தார்கள். பிறகு இறங்காமலே வெகுதூரம் பறக்கும் விமானங்கள் வந்தன, சைபீரியா வானமும் திறந்தது. ஆங்கரேஜில் இறங்க யாருக்கும் அவசியமில்லை. இரவு பகல் என்று பார்க்காமல் உலகத்து ஆட்களெல்லாம் இறங்கி நின்ற அந்த நிலையத்தில் பயணிகள் கூட்டம் வற்றிவிட்டது. கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் எல்லாம் அட்டவணையிலிருந்து போயின. லாஸ் ஏஞ்சலிஸும் நின்றது, 2016-ல்தான் ஸ்டாக்ஹோமிலிருந்து மறுபடி வந்தது. 1997-ல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியைத் தொடங்கிய ஐந்து கம்பெனிகளில் எஸ்.ஏ.எஸ். ஒன்று. கூட்டாளியின் விமானத்தில் பயணியை ஏற்றிவிட முடியும்போது, சொந்த விமானத்தை நஷ்டத்தில் அத்தனை தூரம் அனுப்ப எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டான். நானும் மாட்டேன். அந்த 3, 2, 2 கணக்கும் முடிந்தது. நார்வே 2018-ல் தன் பங்கை விற்றது, 2022-ல் கம்பெனி கடன் தாங்காமல் அமெரிக்க நீதிமன்றம் போய், 2024-ல் புது முதலாளிகளோடு வெளியே வந்தது. மூன்று அரசுகளில் டென்மார்க் மட்டும்தான் இன்று பங்குதாரர்.

கிரீன்லாந்தில் லாஸ் ஏஞ்சலிஸ் விமானம் இறங்கிய சோன்ட்ரே ஸ்ட்ரோம்ஃபியோர்டுக்கு இன்று கங்கர்லுசுவாக் என்று பெயர். 2024 நவம்பரில் தலைநகர் நூக்கில் பெரிய ஓடுபாதை திறந்ததும், அந்த ஊரின் விமான வேலையும் பெரும்பாலும் அங்கே போய்விட்டது.

ஒரே ஒரு தேதியை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த நாள் பிப்ரவரி 24. முதல் துருவ விமானங்கள் டோக்கியோ பாதையில் கிளம்பியதும் பிப்ரவரி 24, சரியாக அறுபத்தைந்து வருஷம் முன்பு. அந்த வாரமே ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ரஷ்ய வானம் மூடப்பட்டது. பக்கத்து நாடான ஃபின்லாந்தின் ஃபின்ஏர், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதை இப்போது துருவத்தின் மேலாகச் சுற்றி சுமார் பதின்மூன்று மணி நேரத்தில் ஓட்ட ஆரம்பித்தது. பயணிகளுக்கு வட துருவச் சான்றிதழும் கொடுத்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். “அண்ணா இருந்தா சிரிப்பான்” என்றார்.

மாமாவின் சான்றிதழையும், வெள்ளத்தில் தப்பிய இரண்டு கால அட்டவணைகளையும் அந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சாத்துக்குடியும் நூலும் இருக்கின்றன, பிள்ளைகள் இழுத்துப் பார்க்கலாம். எல்லோரும் வந்து பாருங்கள். காபி டம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள், அந்தக் காகிதம் ஒருமுறை நனைந்தது போதும்.