ஒரு பக்கம் கேட்கவில்லையா? இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்ததும் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கும் கேட்டுக் களைத்துப் போயிருக்கிறீர்கள். காபி வருவதற்குள் முடித்துவிடுவதாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.

நான் தொலைபேசித் துறையில் 32 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் பழுது பார்க்கும் பிரிவில்தான். அது எப்படியோ நம் குடியிருப்பில் பரவிவிட்டதால் இப்போது மூன்று பிளாக் பிள்ளைகளின் இயர்போனும் என் வீட்டு மேஜைக்கு வருகிறது. புகார் ஒன்றேதான். "தாத்தா, ஒரு பக்கம் கேட்க மாட்டேங்குது." வந்ததில் பாதிக்கு மேல் கெட்டுப்போனவை அல்ல. வெறும் அழுக்கு.

அந்தக் காலத்தில் "போன் டெட்" என்று புகார் வந்தால் எடுத்தவுடன் கம்பத்தில் ஏற மாட்டோம். நடுவில் ஓரிடத்தில் லைனைப் பிரித்து, பழுது எக்ஸ்சேஞ்ச் பக்கமா, வீட்டுப் பக்கமா என்று பார்ப்போம். பாதி லைன் கழிந்துவிடும். மீதியை மறுபடி பாதியாக்குவோம். இயர்போனுக்கும் அதே வழிதான். பாட்டு உங்கள் போனில் கிளம்புகிறது, வயரிலோ ப்ளூடூத்திலோ வருகிறது, காதில் மாட்டும் துண்டுக்குள் ஒலியாகிறது, கடைசியில் உங்கள் காதுக்குள் போகிறது. இந்த நான்கு இடத்தில் எங்கே நின்றது என்று தெரியாமல் புதிதாக வாங்காதீர்கள்.

முதலில் அந்த இயர்போனை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் இயர்போன் நல்லதுதான், உங்கள் போனைப் பார்க்க வேண்டும். போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மை, அதாவது அக்சசிபிலிட்டி என்ற பகுதிக்குள் இடது வலது ஒலியளவைச் சரிசெய்யும் ஒரு கோடு இருக்கும். குழந்தைகள் கை பட்டு அது ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். சி பிளாக்கில் ஒரு வீட்டில் இதற்காகவே இரண்டு இயர்போன் வாங்கியிருந்தார்கள். கோட்டை நடுவில் வைத்தேன், மூன்றும் பாடின. அதே மாதிரி, போனில் ஜாக் செருகும் ஓட்டைக்குள் சட்டைப்பை நூலும் தூசியும் அடைந்து கிடக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, ஹேர்பின் எதுவும் வேண்டாம்.

வயர் வைத்த இயர்போன் என்றால் அந்த 3.5 மி.மீ. ஜாக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வளையம் உண்டு. ஜாக் முழுதாக உள்ளே போகாவிட்டால், அல்லது அந்தப் பொது வயர் அறுந்துவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். இசை கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போன மாதிரி காணாமல் போகும். அப்படிக் கேட்டால் அழுத்திச் செருகிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால், பாட்டு ஓடும்போதே வயரை ஜாக்கிலிருந்து மேல் நோக்கி விரல் விரலாக வளைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் வந்து வந்து போகிறதோ அங்கே அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ஜாக்கை ஒட்டிய ஒரு அங்குலத்துக்குள்தான். போனைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பதன் பலன் அது.

வயர் இல்லாத பட்ஸுக்கு வேறு வியாதி. டப்பாவில் வைத்தால் சார்ஜ் ஏறும் என்று நம்பி வைக்கிறோம். டப்பாவின் அடியில் இருக்கும் சின்னப் பின்னிலும் பட்ஸின் உலோகப் புள்ளியிலும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்துவிட்டால் ஒன்று மட்டும் சார்ஜ் ஏறாது. மறுநாள் காலை நடைக்குப் போகும்போது அது ஊமை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்து, காய்ந்த பிறகு வையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, இரண்டையும் டப்பாவில் போட்டு, புதிதாக இணையுங்கள். இன்னொன்று. பட்ஸ் உங்கள் போனோடு இணையாமல் உள்ளறையில் இருக்கும் மகனின் லேப்டாப்போடு இணைந்து உட்கார்ந்திருக்கும். அதையும் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்!

இனி அழுக்கு. காது குறும்பி கெட்ட பொருள் அல்ல. தூசியைப் பிடித்துத் தானாக வெளியே வருவது அதன் வேலை. காதுக்குள் செருகும் இயர்போன் அந்த வழியை அடைக்கிறது. உடம்புச் சூட்டில் இளகிய குறும்பி, ரப்பர் முனைக்குள் இருக்கும் சல்லடையில் ஒட்டி, பிறகு இறுகிவிடுகிறது. ஒரே நாளில் நடப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒலி மங்கும். நாமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டுவோம். நீங்கள் கூட்டுவது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தானே? அடைபட்ட பக்கத்துக்காகக் கூட்டிய சத்தம் முழுவதையும் அடைபடாத பக்கத்துக் காது வாங்கிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது 90 ஆனால் 40 மணி நேரம் வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

சுத்தம் செய்வது சுலபம். ரப்பர் முனையைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய விடுங்கள். இயர்போனின் சல்லடை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, மிருதுவான, உலர்ந்த பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். கவிழ்த்துப் பிடிப்பது முக்கியம், இல்லாவிட்டால் உதிர்வது உள்ளேயே போகும். இறுகிப்போனதென்றால் சுவரில் படம் ஒட்டும் களிமண் மாதிரியான பசையை மெல்ல ஒற்றி ஒற்றி எடுக்கலாம். ஊசியால் குத்தாதீர்கள், சல்லடை கிழிந்தால் வேலை முடிந்தது. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் போதும். வாசல் கூட்டுகிற மாதிரிதான்.

நனைந்துவிட்டால் அரிசிக்குள் புதைக்கிறார்கள். அரிசி மாவு சல்லடைக்குள் போவதுதான் மிச்சம். துடைத்து, காற்றோட்டமாக ஒரு நாள் விடுங்கள், ஈரத்தோடு டப்பாவில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். டப்பாவில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம். வாஷிங் மெஷினைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

இப்போது நான்காவது இடம். இதைச் சொல்லத்தான் நேரம் கேட்டேன்.

இடது பக்கத் துண்டை வலது காதிலும், வலதை இடதிலும் மாற்றி மாட்டிப் பாருங்கள். சரியாகப் பொருந்தாது, பரவாயில்லை, பத்து விநாடிதான். ஊமை அடுத்த காதுக்கு இடம் மாறினால் பழுது சாமானில். ஊமை அதே காதிலேயே நின்றால் பழுது சாமானில் இல்லை, காதில்.

என் மைத்துனர் வெளியூரில் இருக்கிறார். ஒருநாள் காலை எழுந்து நடக்கப் போனவருக்கு இடது பக்கம் பாட்டு கேட்கவில்லை. இயர்பட்ஸ் போய்விட்டது என்று கடையில் கொடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்று இன்னொரு ஜோடி வாங்கினார். அதிலும் இடது பக்கம் இல்லை. சளி பிடித்திருக்கும் என்று ஆவி பிடித்தார். எனக்குப் போன் செய்தபோது மூன்று வாரம் ஓடிவிட்டது. மாற்றி மாட்டச் சொன்னேன். ஊமை இடது காதிலேயே நின்றது. அன்று சாயங்காலமே காது மருத்துவரிடம் போனார். உள்காதில் திடீரென்று வரும் கேட்புக் குறைவு என்றார் மருத்துவர். மருந்து கொடுத்தார். ஓரளவு திரும்பியது, முழுதாக இல்லை. இப்போதும் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் பேசினால் வலது பக்கமாகத் திரும்பி உட்காருகிறார்.

இந்தக் கோளாறு பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். தூங்கி எழும்போது தெரியவரும், அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் மந்தமாகும். காதில் இரைச்சலோ அடைப்போ தலைசுற்றலோ கூட இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். முதல் இரண்டு வாரம் தாண்டிவிட்டால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே போங்கள். பரிசோதனையில் வெறும் குறும்பி அடைப்பு என்று தெரிந்தால் நல்லதுதான், அங்கேயே எடுத்துவிடுவார்கள். நீங்களாகப் பட்ஸ் குச்சியை விட்டுக் குடையாதீர்கள், அடைப்பு இன்னும் உள்ளே போகும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் செய்து காட்டுங்கள். அவர்கள் "இந்த மெஷின் சரியில்லை" என்றுதான் சொல்வார்கள், "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள்.

காபி வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. இரண்டு மூன்று வருஷம் உழைத்த பட்ஸின் பேட்டரி தேய்ந்து போவது இயல்பு. அதைப் பழுது பார்க்க முடியாது. முடிந்துபோனதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் இருப்பது லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும். அலுவலக அறையில் மின்கழிவுக்காக ஒரு பெட்டி வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வயர் அறுந்தது ஏதாவது இருந்தால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கும். ரப்பர் முனையை மட்டும் தயவுசெய்து கழுவிவிட்டுக் கொண்டு வாருங்கள்.