மஞ்சள் கொடியும் ஒரு சிறு நாடும்



உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, பசிபிக் மாகடலின் நடுவே பூமத்திய ரேகையைப் பின்பற்றிச் சென்றால், ஊசி முனையால் குத்தியது போன்ற சில புள்ளிகள் தென்படும். அப்புள்ளிகள் சேர்ந்து ஒரு நாடாக விளங்குகின்றன. அந்நாட்டின் பெயர் கிரிபாஸ். படத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பவர்கள் 'கிரிபாட்டி' என்பார்கள். ஆனால் அம்மக்களின் நெடுங்கணக்கில் 'ஸ்' என்பதற்குத் தனி எழுத்து கிடையாது; 'டி', 'ஐ' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதி அவ்வொலியைப் பெறுகிறார்கள். ஆங்கிலத்தில் வழங்கிய 'கில்பர்ட்ஸ்' என்ற பெயரே அவர்கள் நாவில் கிரிபாஸ் ஆயிற்று; கிறிஸ்துமஸ் தீவு கிரிஸ்மஸ் ஆயிற்று. வடசொற்களைத் தம் நாவுக்கு இசையத் திருத்திக்கொண்ட தமிழருக்கு இதில் வியப்பில்லை.

1979-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் இந்நாடு விடுதலை பெற்றது. தீவுகள் 33, நிலப்பரப்பு எல்லாம் சேர்ந்து 811 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 1,20,000. ஆனால் இந்நாட்டின் உரிமைக்குட்பட்ட கடற்பரப்போ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர்! நம் பாரத நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரிது. இவ்வளவு பெரிய முற்றத்தையும் இவ்வளவு சிறிய வீட்டையும் உடைய ஒரு குடும்பம், வாயிலுக்கு வருபவர்களை எவ்வாறு வரவேற்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வருகிறவர்கள் யார்? சரக்குக் கப்பல்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். யாட் எனப்படும் சிறிய பாய்மரக் கலங்களில் கணவனும் மனைவியுமாகவோ, நண்பர்கள் இருவர் மூவராகவோ கடல் கடந்து உலகம் சுற்றுபவர்கள் பலர் உண்டு. ஹவாயிலிருந்து தெற்கு நோக்கியும், பிஜியிலிருந்து வடக்கு நோக்கியும் செல்லும் அத்தகைய கலங்கள் சில இத்தீவுகளில் தங்குகின்றன. பல நாட்கள் நீரையன்றி வேறொன்றையும் காணாத கண்ணுக்குத் தென்னை மரங்களின் தலை தெரிகிறது. நங்கூரம் போட்டுவிட்டுக் கரையேறலாமே என்று மனம் துடிக்கும். ஆனால் ஏறக்கூடாது. முதலில் மஞ்சள் கொடி ஏற்றியாக வேண்டும்.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்து நகரங்களுக்குக் குடிவந்த நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. வாடகைக்கு வீடு கேட்டுப் போய் நின்றதும் வீட்டுக்காரர் நான்கு கேள்விகள் கேட்பார். நீங்கள் எத்தனை பேர்? இதற்கு முன் எங்கே இருந்தீர்கள்? உள்ளே என்னென்ன கொண்டு வருவீர்கள்? எப்போது காலி செய்வீர்கள்? ஒரு சிறு தீவு நாட்டின் அதிகாரிகள் கேட்பவையும் இந்த நான்கு கேள்விகளே. குடிநுழைவு, சுகாதாரம், சுங்கம், பயிர்ப் பாதுகாப்பு என்று துறைகள் வேறாக இருக்கலாம். கேள்விகளின் சாரம் இதுதான்.

எந்தத் தீவில் வேண்டுமானாலும் சென்று இவற்றுக்கு விடை சொல்லிவிட முடியாது. நுழைவுத் துறைமுகம் என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்கே முதலில் போக வேண்டும். மேற்கே தலைநகரான தராவாவின் பேஸோ துறைமுகம். கிழக்கே கிரிஸ்மஸ் தீவின் லண்டன் என்னும் சிற்றூர். இவ்விரண்டுக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல்.

துறைமுகத்தை அணுகியதும் கம்பியில்லாத் தொலைபேசியில் வருகையை அறிவித்து, மஞ்சள் கொடியை ஏற்றிவைத்து, எவரும் கரையிறங்காமல் காத்திருக்க வேண்டும். பழங்காலத்தில் மஞ்சள் கொடி கொள்ளைநோயின் அறிகுறியாக இருந்தது. இன்றைய பன்னாட்டுக் கொடிமொழியிலோ அதன் பொருள், 'என் கலம் நோயற்றது. உள்ளே வர அனுமதி வேண்டுகிறேன்' என்பதாகும். அஞ்சுவதற்குரிய சின்னம் வேண்டுகோளாக மாறிய வரலாறு சுவையானது.

இங்கே நாட்கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரிபாஸ் அரசு தன் கிழக்குத் தீவுகளின் தேதியை ஒருநாள் முன்தள்ளி, நாடு முழுவதற்கும் ஒரே தேதி வழங்கச் செய்தது. அதனால் ஹவாயின் கடிகாரமும் கிரிஸ்மஸ் தீவின் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டும். தேதி மட்டும் ஒருநாள் வேறுபடும். ஹவாயிலிருந்து வரும் மாலுமி தன் கணக்குப்படி வெள்ளிக்கிழமை என்று எண்ணி வந்து சேர்வார். அங்கே சனிக்கிழமை நடந்துகொண்டிருக்கும். அலுவலகத்தில் ஆளிராது. திங்கட்கிழமை வரை கரையைப் பார்த்துக்கொண்டே கலத்தில் உட்கார்ந்திருக்க நேரிடும். முன்கூட்டியே கணக்கிட்டு வருபவருக்கு இத்தொல்லை இல்லை.

அதிகாரிகள் கலத்தில் ஏறியதும் முதற்கேள்வி ஆட்களைப் பற்றியது. ஒவ்வொருவருடைய பெயர், பிறந்த நாள், குடியுரிமை, பாஸ்போர்ட் எண் ஆகியவை அடங்கிய பட்டியல் பல படிகள் தயாராக இருக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேரும் திரும்பிப் போவதற்குக் கலத்தலைவரே பொறுப்பு.

இரண்டாவது கேள்விக்கு விடை, கடைசியாக விட்டுவந்த துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சீட்டு. இக்கலம் அங்கே கடனோ வழக்கோ வைக்காமல் முறைப்படி விடைபெற்றது என்பதற்கு அது சான்று. அச்சீட்டு இல்லாதவனை அடுத்த நாடு ஐயத்தோடுதான் பார்க்கும். அதனுடன் உடல்நல உறுதிமொழியும் கேட்பார்கள்.

மூன்றாவது கேள்வி பொருள்களைப் பற்றியது. மது, புகையிலை, பணம், துப்பாக்கி, மருந்துப் பெட்டியில் உள்ள வலிநீக்கி மயக்க மருந்துகள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக்கொடுக்க வேண்டும். அளவுக்கு மேற்பட்ட மதுவை ஓர் அறையில் வைத்துப் பூட்டி முத்திரையிடுவதும், துப்பாக்கியைப் புறப்படும் வரை தாங்களே வாங்கி வைத்துக்கொள்வதும் பல நாடுகளில் வழக்கம். கலமே ஒரு சரக்கு என்பதையும் மறக்கலாகாது. வந்தது போலவே திரும்பிச் செல்லும் வரை அதற்குத் தீர்வை கிடையாது. அங்கேயே விற்றுவிட்டால் தீர்வை உண்டு.

பழம், காய், முட்டை, இறைச்சி, விதை, செடி, வளர்ப்பு நாய் என்று பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, வந்தவருக்குச் சிரிப்பு வரலாம். ஒரு மாம்பழத்துக்கு இத்தனை பாடா? 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சமோவாவுக்கு ரப்பர்க் கன்றுகள் சென்றன. அவற்றின் வேர்மண்ணோடு நம் தென்னந்தோப்புகளில் பழக்கமான காண்டாமிருக வண்டும் சென்றது. பசிபிக் தீவுகள் பலவற்றின் தென்னைக்கு அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை. கிரிபாஸ் மக்களுக்கோ தென்னையே உயிர். பவளப்பாறை மணலில் வேறு பயிர் எளிதில் வராது. காலையும் மாலையும் மரமேறி, பாளையைச் சீவி, இனிய நீரை வடித்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதையே காய்ச்சிப் பாகாக்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு வண்டைத் தடுப்பது ஓர் ஊரின் உணவைக் காப்பதாகும்.

நோயைப் பற்றிய எச்சரிக்கைக்கும் வலுவான காரணம் உண்டு. 1875-ஆம் ஆண்டில் பிஜி மன்னர் தகோம்பாவும் அவர் பரிவாரமும் சிட்னியிலிருந்து டைடோ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் திரும்பினார்கள். கூடவே தட்டம்மையும் வந்தது. கப்பலை எவரும் தனியே நிறுத்தி வைக்கவில்லை. அவ்வாண்டில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டார்கள். 1918 நவம்பர் 7-ஆம் நாள் டலூன் என்னும் கப்பல் ஆக்லாந்திலிருந்து மேற்குச் சமோவாவின் ஆபியா துறைமுகத்தை அடைந்து, விஷக்காய்ச்சலைக் கரையிறக்கிற்று. சுமார் 8,500 பேர், அதாவது மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், மறைந்தார்கள். அருகிலேயே இருக்கும் அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் ஜான் போயர் துறைமுகத்தில் கடுங்காவல் வைத்தார். அங்கே அந்நோயால் ஓர் உயிரும் போகவில்லை. இரண்டு தீவுக்கூட்டங்களில் வாழ்ந்தவரும் ஒரே இனத்தார், ஒரே மொழியினர். ஒன்றை அழிவிலிருந்து காத்தது வாயிற்காவல் ஒன்றே.

2020-ஆம் ஆண்டில் கோவிட் தொற்று பரவியபோது கிரிபாஸ் தன் எல்லைகளை மூடியதும் இந்நினைவினால்தான். அப்போது பசிபிக் துறைமுகங்கள் பலவும் மூடப்பட்டதால், சிறுகலங்களில் இருந்தவர்கள் போகுமிடம் அறியாது தவித்ததும் உண்மையே. 2022 ஜனவரியில் பிஜியிலிருந்து வந்த ஒரு விமானத்தின் 54 பயணிகளில் 36 பேருக்குத் தொற்று இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்த கதவு ஒரே நாளில் திறந்துகொண்டது.

நான்காவது கேள்வி, எப்போது எங்கே போகிறாய் என்பது. புறப்படுமுன் பேஸோவிலோ லண்டனிலோ மீண்டும் அதிகாரிகளைக் கண்டு, அடுத்த துறைமுகத்தின் பெயர் எழுதிய புறப்பாட்டுச் சீட்டைப் பெற வேண்டும். இடையில் வெளித்தீவுகளைக் காண விரும்பினால் அதற்குத் தனியே முன்னனுமதி வேண்டும்.

இங்கே மாலுமிகள் சொல்லும் குறையையும் எடுத்துச் சொல்வது நியாயம். அபெமாமா என்னும் அழகிய தீவு தராவாவுக்குத் தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அங்கே வீசுவது பெரும்பாலும் கீழ்க்காற்று. கிழக்கேயிருந்து வருபவர் அபெமாமாவை ஒட்டிச் சென்றாலும் அங்கே நிற்காமல் தராவாவுக்குப் போய்ச் சீட்டுப் பெற்று, பிறகு எதிர்க்காற்றில் முட்டி மோதித் திரும்ப வேண்டும். பாய்மரக் கலத்துக்கு இது சிறு துன்பமன்று. 'ஆளற்ற கரையில் ஒரு நாள் நின்றால் யாருக்கு என்ன நட்டம்?' என்று அவர்கள் கேட்கிறார்கள்.

பன்னாட்டுக் கடற்சட்டம் இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. எந்நாட்டுக் கலமும் பிறநாட்டுக் கரைக்கடல் வழியே தீங்கின்றிக் கடந்து செல்லலாம். புயலாலோ பழுதாலோ ஆபத்து நேர்ந்தால் நங்கூரமிட்டு ஒதுங்கவும் செய்யலாம். விருப்பத்துக்காக நிற்பதென்றால் வீட்டுக்காரரின் இசைவு வேண்டும். மேலும், ஆளற்ற தீவு வெறும் தீவன்று. பீனிக்ஸ் தீவுகள் லட்சக்கணக்கான கடற்பறவைகள் தரையில் முட்டையிடும் இடம். ஒரு கலத்திலிருந்து இரண்டு எலிகள் இறங்கினால் போதும், அப்பறவைக்கூட்டம் சில ஆண்டுகளில் அழியும். ஆளிருக்கும் இடத்தில் தவறு நடந்தால் யாரேனும் பார்ப்பார்கள்; அங்கே பார்ப்பவர் எவருமில்லை. ஆகவே ஆளற்ற கரைக்கே விதி கூடுதலாக வேண்டியிருக்கிறது. நம் லட்சத்தீவுக்குப் போக இந்தியராகிய நாமும் முன்னனுமதி பெற வேண்டியிருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

இவ்விதிகள் வெள்ளையர் ஆட்சி கற்றுக்கொடுத்தவை என்று நினைப்பதற்கும் இடமில்லை. 1889-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் குடும்பத்தோடு அபெமாமாவுக்குச் சென்றார். அத்தீவின் மன்னர் டெம்பினோக் தாமே கப்பலில் ஏறி வந்து, வந்தவர்களின் முகத்தை நெடுநேரம் ஆராய்ந்த பின்பே தங்க இசைவு தந்தார். தம் குடிகளுக்கு மதுவோ, பணமோ, புகையிலையோ கொடுக்கலாகாது என்று நிபந்தனையும் விதித்தார். சுங்க அதிகாரியின் படிவத்தில் இன்றும் முன்வரிசையில் நிற்பவை அம்மூன்றே என்பது எண்ணத்தக்கது.

கேள்விகள் முடிந்து தாள்களில் முத்திரை விழுந்ததும், மஞ்சள் கொடி இறங்குகிறது. அதன் இடத்தில் விருந்தினர் மரியாதையாக அந்நாட்டுக் கொடி ஏறுகிறது. நீல வெள்ளை அலைகளின் மேல் எழுகதிர். கதிரின் மேல் சிறகு விரித்த கடற்பறவை. கரையிறங்கியவர்களை மக்கள் 'மௌரி' என்று வாழ்த்துகிறார்கள். நலமாக வாழ்க என்பது அச்சொல்லின் பொருள்.

தொலைவில் வாழும் தமிழர் ஊருக்குக் கடிதம் எழுதும்போது, 'இங்கு நலம்; அங்கு நலமறிய அவா' என்று தொடங்குவது மரபு. மாகடலில் தனித்து வரும் சிறுகலம் மஞ்சள் கொடியால் எழுதுவதும் அவ்வரியே. அதைப் படித்துப் பார்த்து, உண்மைதானா என்று விசாரித்தறிந்து, 'மௌரி' என்று பதில் எழுதச் சற்று நேரம் ஆகத்தான் செய்யும். அந்த நேரம் வரை கலத்தில் பொறுத்திருப்பவனே நல்ல விருந்தாளி.