அடிபட்ட உழைப்புக்கு உரிய ஈடு

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் சாலை விபத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. வீட்டில் உழைப்பவர் அடிபட்டுப் படுத்துவிட்டால், அவ்வீட்டில் முதலில் நின்றுபோவது பிள்ளையின் படிப்பு. ஆகவே, அவருக்குரிய இழப்பீட்டைப் பெறத் துணை நிற்பதும் கல்விப் பணியேயாகும்.

மதுரையிலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நாம் நாள்தோறும் செல்லும் சாலை. விடியலில் வேலைக்குப் போகும் நம்மவர் பலர் ஷேர் ஆட்டோவிலும் இருசக்கர வண்டியிலும் செல்கின்றனர். பின்னால் வரும் கார் மோதினால், காரில் இருப்பவர்க்குச் சிராய்ப்பு. நம்மவர்க்கு எலும்பு முறிவு. அதன்பின் நடப்பதையும் நாம் அறிவோம். “ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதை வைத்துக்கொள், போலீசு, கேசு எல்லாம் எதற்கு?” என்று சில ஆயிரம் ரூபாய் கையில் திணிக்கப்படும். எழுதாத தாளில் கைரேகை வாங்கப்படும். அடிபட்டவரும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். கும்பிட வேண்டிய தேவை என்ன? இழப்பீடு இரக்கத்தால் இடும் பிச்சையன்று. சட்டம் வகுத்த உரிமை.

கார்க்காரரைப் பகைத்துக்கொண்டால் நாளை அவரிடம் வேலைக்குப் போவது எப்படி என்ற அச்சம் நம்மிடையே உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. காப்பீடு நடப்பில் இருந்தால் பொதுவாகப் பணம் தருவது காப்பீட்டு நிறுவனமே. எனவே வழக்கிடுவது பகைமையாகாது.

“முன்னால் போனவன் திடீரென்று பிரேக் போட்டான்” என்பது பின்னால் மோதியவர் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. முன்வண்டி திடீரென நின்றாலும் மோதாதிருக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டுவது பின்வண்டியின் கடமை என்பது சாலை விதி. லாரியின் பின்னால் கார் மோதிய வழக்கொன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியையே வலியுறுத்தியது. விளக்கின்றி நடுச்சாலையில் வண்டியை நிறுத்தியிருந்தால் நம் மீதும் பங்குப் பழி வரலாம். ஆட்டோவில் அமர்ந்து சென்ற பயணிக்கோ அந்தக் கவலையும் இல்லை. இரு ஓட்டுநர்மீதும் தவறு இருப்பினும், அவர்களில் எவரிடமிருந்தும் முழு ஈட்டையும் அவர் கோரலாம் என்பது 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இனி, எவ்வளவு கேட்பது? ஊனத்தின் விழுக்காடு வேறு, வருவாய் இழப்பின் விழுக்காடு வேறு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்த அரசு எழுத்தர் பணியில் தொடரக்கூடும். அதே கையை இழந்த தச்சருக்கோ பிழைப்பு முழுவதும் போய்விடுகிறது. கைகால்களே முதலாக வாழும் நமக்கு இத்தீர்ப்பு பெருந்துணை. ஒரு கணக்குப் பார்ப்போம். 32 வயதுக் கொத்தனாரின் மாத வருவாய் 15,000 ரூபாய். உழைக்கும் திறனில் 30 விழுக்காடு குறைந்தது என்று கொள்வோம். அவ்வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆண்டு வருவாய் 1,80,000 ரூபாயை 16-ஆல் பெருக்கி, அதில் 30 விழுக்காடு எடுத்தால் 8,64,000 ரூபாய். சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவர்க்கு வருங்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்ப்பது முறை. சேர்த்தால் 12,09,600 ரூபாய். மருத்துவச் செலவு, படுத்திருந்த காலத்துக் கூலி, வலி வேதனைக்கான ஈடு ஆகியவை இதற்கு மேல். சாலையோரத்தில் திணிக்கப்படும் சில ஆயிரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு ஏது என்பீர்கள். 2004-இல் அடிபட்ட கூலித் தொழிலாளி ஒருவர் மாதம் 4,500 ரூபாய் ஈட்டியதாகச் சொன்னார். தீர்ப்பாயம் அதை 3,000 ஆகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்ன 4,500 ரூபாயையே ஏற்றது. ஆயினும், சான்று கையிலிருந்தால் வாதம் வலுப்பெறும். கூலியை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்ய வேண்டும். பின்னாலிருந்து மோதியதால் கழுத்திலும் முதுகிலும் ஏற்படும் வலி சில வேளை தாமதமாகவே தலைகாட்டும். அதையும் மருத்துவரிடம் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் தந்தவர்க்குக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது சட்டம். அதில் வண்டி எண் சரியாக உள்ளதா என்று பாருங்கள். மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் எறிந்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த திருத்தம் ஆறு மாதக் கெடு விதிக்கிறது. கெடுவைப் பற்றி வழக்குகள் எழுந்துள்ளன என்றாலும், அதற்குள் மனுச் செய்வதே பாதுகாப்பு. திருப்பூரில் அடிபட்டவரும் தாம் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று மலைக்க வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி வழங்குகிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசும்போது மட்டும் விழிப்பு வேண்டும். அங்கே ஒப்பிவிட்டால் மேல்முறையீடு இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

இளைஞர்களே! இக்கழகத்தில் நாம் கற்ற எழுத்து நமக்கு மட்டும் உரியதன்று. தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். எவரேனும் அடிபட்டார் என்று கேட்டால், அவர் கைரேகை வைக்குமுன் அவரருகே சென்று நில்லுங்கள். அந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அண்ணல் அம்பேத்கர் சட்டம் பயின்றது தம் பிழைப்புக்காக மட்டுமன்று என்பதை நாம் அறிவோம். அவ்வழி நடப்போம்.