நம்ப மறுப்பவருக்கும் எழுதுவோம்



நம் இளைஞர்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறோம். உணர்ச்சிக்குக் குறைவில்லை. ‘கொடுமை’ என்னும் சொல் பக்கந்தோறும் வருகிறது. எந்த ஊரில், எந்த நாளில், யாருக்கு என்ன நேர்ந்தது என்று தேடினால்தான் கிடைப்பதில்லை. நம்மவர் படித்தால் தலையசைப்பர். அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்மை நம்ப விரும்பாதவரோ முதற்பத்தியிலேயே தாளை மடித்து வைத்துவிடுவார். நாம் எழுதுவது அவருக்காகவும் அன்றோ?

அத்தகையோருக்கு எழுதுவது எப்படி என்பதை அண்ணல் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ உரையிற் காணலாம். லாகூரைச் சேர்ந்த ஜாத்-பாத்-தோடக் மண்டலம் 1936இல் நடக்கவிருந்த தன் மாநாட்டிற்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்னதாகப் படித்துப் பார்த்த அமைப்பினர் சில பகுதிகளை நீக்கக் கோரினர். ஒரு காற்புள்ளியையும் மாற்ற இயலாதென்று அவர் மறுத்தார். மாநாடு நின்றுபோயிற்று. பேசப்படாத அவ்வுரையை அண்ணல் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதங்களில் அவை தீர்ந்தன.

அதில் அவர் சான்று காட்டும் முறையைக் கவனியுங்கள். இந்தூர்ப் பகுதியில் பலாய் மக்கள்மீது விதிக்கப்பட்ட கட்டளைகளைச் சொல்லுமிடத்தில், 1928 சனவரி 4ஆம் நாளிட்ட ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வைச் சுட்டி, ஊர்ப் பெயர்களையும் தருகிறார். சரிகைக் கரைத் தலைப்பாகை கூடாது, பெண்கள் பொன் வெள்ளி நகை அணியலாகாது என ஒவ்வொன்றாக அடுக்குகிறார். குசராத்தின் கவிதா கிராமத்தில் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பலாகாதென்று தடுத்ததைச் சொல்கிறார். செய்ப்பூர் சமத்தானத்துச் சக்வாராவில், தீர்த்த யாத்திரை முடித்துத் திரும்பிய ஒருவர் தம் இனத்தார்க்கு விருந்திட்டார். உணவில் நெய் இருந்தது. அதற்காகத் தடிகளோடு வந்து அடித்தனர். இங்கே அடைமொழி எதற்கு? நெய் என்ற ஒரு சொல்லே படிப்பவரை நாணவைத்து விடுகிறதே!

‘எங்கும்’, ‘எப்போதும்’, ‘எல்லோரும்’ என்று எழுதாதீர்கள். ‘எங்கள் ஊரில் அப்படி இல்லையே’ என்று படிப்பவர் நழுவ அச்சொற்களே வழிவிடுகின்றன. பத்துப் பேர் அடிபட்டதை நூறு பேர் என்று எழுதினால், அந்தப் பத்துப் பேரின் காயமும் பொய்யாகிவிடும். இதனால் இழப்பு நமக்கே; மற்றவர் எழுத்தில் உள்ள பிழையை மன்னிப்பவர் நம் எழுத்திலுள்ளதை மன்னிப்பதில்லை. நியாயமன்று, ஆயினும் நிலைமை அதுதான்.

இன்னொன்றும் உண்டு. மண்டலத்தாரோடு நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தை அண்ணல் மறைக்கவில்லை. உரையோடு சேர்த்தே அச்சிட்டார். காந்தியடிகள் ‘ஹரிஜன்’ இதழில் மறுப்பு எழுதியபோது, 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் அம்மறுப்பையும் வெளியிட்டுத் தம் விடையையும் உடன் வைத்தார். எதிர்ப்பவர் சொல்லைச் சிதைத்துக் கூறி வெல்வது எளிது. அதை முழுமையாகக் காட்டி விடையிறுப்பவரையே நடுநிலையாளர் நம்புவர்.

இடுகாட்டுப் பாதையைப் பற்றிக் கட்டுரை எழுத நம்மிற் சிலர் முன்வந்துள்ளனர். எழுதுமுன் அப்பாதையை நடந்து அளந்து வாருங்கள்; புல எண்ணைக் கிராமக் கணக்கிற் பாருங்கள்; வேலியிட்டவரிடமும் காரணம் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே குறித்து வாருங்கள்.