வாத்தியார் மாஸ்க்கும் என் காதும்

(திருப்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கொரோனா கால அனுபவங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் டெலிபோனில் சொன்னார். லாக்டவுன், தடுப்பூசி, கஷாயம், ஜூம் கல்யாணம் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும். ஆகவே மாஸ்க் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதில் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காதைப் பற்றி. பகவான் காதைக் கேட்பதற்காகத்தான் படைத்தான். நாமோ அதைக் கொக்கி மாதிரி உபயோகிக்கிறோம். பூணூலை மாட்டுவது காதில். மூக்குக் கண்ணாடியின் கால்கள் காதில். எனக்கு வலது காதில் ஹியரிங் எய்டு வேறு. 2020-ல் மாஸ்க்கின் எலாஸ்டிக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்து மாஸ்க்கைச் சுண்டி எடுத்தால் ஹியரிங் எய்டும் சேர்ந்து பறக்கும். ஒரு நாள் அது துளசி மாடத்தில் போய் விழுந்தது. நானும் என் சகதர்மிணியும் டார்ச் அடித்து அரை மணி தேடினோம். இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

நான் இருப்பது சித்தூரில். 2020 ஏப்ரலில் ஆந்திர அரசு ஆளுக்கு மூன்று துணி மாஸ்க், மாநிலம் முழுவதற்கும் 16 கோடி என்று அறிவித்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் உட்கார்ந்து தைத்தார்கள். எங்கள் தெருவில் மாமிகள் அதற்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் வெற்றிலை பாக்கோடு வந்த ரவிக்கைத் துணி ஒரு தலைமுறைக்குப் போதுமான அளவு இருக்கிறதே! இவர் கொடுத்ததை அவருக்கு, அவர் கொடுத்ததை இன்னொருவருக்கு என்று சுற்றிக்கொண்டே இருந்த அந்தத் துணிகளுக்கு அப்போதுதான் மோக்ஷம் கிடைத்தது. என் சகதர்மிணி மூன்று மடிப்பாகத் தைத்தாள். எனக்கு வாய்த்தது கிளிப்பச்சையில் ஜரிகைப் புள்ளி. அதைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போனால் போலீஸ்காரர், "சாமி, மாஸ்க்கு பைகி லாகண்டி" என்பார். மூக்குக்கு மேலே இழுங்கள் என்று அர்த்தம். இழுத்தால் கண்ணாடி புகை படிந்துவிடும். கத்திரிக்காயில் சொத்தை தெரியாது.

அந்த ஏப்ரலில்தான் வேலூர் பக்கத்திலிருந்து குடியாத்தம் வழியிலும் பொன்னை வழியிலும் சாலையின் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். ஓரிரு நாளில் இடித்தும் விட்டார்கள். ஆனால் சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் என்றால் பாதி சொந்தக்காரர்களும் முழு வைத்தியமும் அங்கேதான். நமக்கும் அவர்களுக்கும் நடுவே சுவர் வரும் என்று யார் நினைத்தது? மாஸ்க் அதைவிட மேல் என்று அன்றைக்குத் தோன்றியது.

திருப்பதியில் இருக்கும் உங்களுக்கு நான் திருமலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச் 20 முதல் பக்தர்களுக்குத் தரிசனம் இல்லை. சுப்ரபாதம் முதல் ஏகாந்த சேவை வரை நித்ய கைங்கர்யம் மட்டும் நிற்கவில்லை. ஜூன் 11-ல் பொதுமக்களுக்குத் திறந்தபோது நாளைக்கு ஆறாயிரம் பேர்தான். 65 வயது தாண்டியவர்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு அப்போது 68. கீழே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கல்யாணகட்டாவில் முடி எடுப்பவர்கள் தலை முதல் கால் வரை கவச உடை போட்டுக்கொண்டு கத்தி பிடித்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது, அந்த வெயிலில் அவர்கள் பாடு என்னவோ என்றுதான் நினைத்தேன்.

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நம் முன்னோர்கள் கிருமியைப் பற்றி அன்றே அறிந்து வாயைக் கட்டிக்கொண்டு பூஜை செய்தார்கள் என்று. வாய் கட்டும் வழக்கம் உண்டு, மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இன்றைக்கும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகத்தான் பூஜை செய்கிறார். ஆனால் அது சந்நிதியில் மூச்சும் எச்சிலும் படக்கூடாது என்ற பக்தியால் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கிருமி சாஸ்திரத்தில் சேர்க்க வேண்டாம்.

தொற்றுக்காக மாஸ்க் போடுவதை ஒரு முறையாகவே கொண்டுவந்தவர் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே. 1910-ன் கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்தபோது, இது மூச்சு வழியாகப் பரவுகிறது, துணியும் பஞ்சும் வைத்து மூக்கையும் வாயையும் கட்டுங்கள் என்றார் அவர். மெனி என்ற அனுபவசாலியான பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை. இந்தச் சின்னப் பையன் எனக்குச் சொல்வதா என்று கோபம். மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக் கண்டு இறந்துபோனார். இந்தக் கதையை நான் படித்தது 2021 ஜூனில். இரண்டு மாதம் முன்னால் படித்திருக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன்.

நம் வைதிகர்களுக்கு மாஸ்க் பட்ட கஷ்டம் மற்றவர்களுக்குப் பட்டிருக்காது. அவர்கள் தொழில் வாயில் இருக்கிறது. ஆசமனம் என்றால் மாஸ்க்கை இறக்க வேண்டும். பிராணாயாமம் என்றால் பிடிக்க வேண்டிய மூக்கு உள்ளே இருக்கிறது. "இறக்கிக்கோங்கோ, ஆசமனம் பண்ணுங்கோ, ஏத்திக்கோங்கோ" என்று வாத்தியார் சொல்லிச் சொல்லி, அதுவும் பிரயோகத்தில் ஒரு பாகமாகிவிட்டது. ஹோமத்தில் இன்னொரு தொல்லை. கடையில் விற்கும் நீல மாஸ்க் ஒரு ஜாதி பிளாஸ்டிக். அக்னிக்குப் பக்கத்தில் ஆகாது. பருத்தித் துணிதான் கட்ட வேண்டும். அதில் நெய்ப்புகை ஏறிக்கொள்ளும்.

என் தகப்பனார் திதி சித்திரை சுக்ல தசமி. 2020-ல் வாத்தியார் போனில் சொல்லச் சொல்ல நானே ஏதோ செய்தேன். 2021-ல் அது ஏப்ரல் 22, ஸ்ரீராம நவமிக்கு மறுநாள். போக்தா யாரும் வேண்டாம், ஹிரண்ய ரூபமாகச் செய்துவிடலாம் என்று வாத்தியார் ஒருவர் மட்டும் வந்தார். வயது 41. இரண்டு மாஸ்க் போட்டிருந்தார்.

அவர் சொல்வது எனக்குப் புரியவில்லை. காரணத்தைப் பின்னால் டாக்டர் சொன்னார். வயதானால் காது முதலில் இழப்பது மேல் ஸ்தாயி ஒலிகளை. ஸ, ஷ எல்லாம் அதில்தான் அடக்கம். மாஸ்க் அமுக்குவதும் அதே ஒலிகளைத்தான். மிச்சத்தை நாம் உதட்டைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறோம். உதடும் மறைந்துவிட்டால் வெறும் முனகல்தான் வரும்.

"வாத்தியாரே, ஒரு அக்ஷரம் விளங்கலை. பித்ரு காரியம், தப்பாச் சொல்லப்படாது. அதைக் கழட்டிட்டுச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் தயங்கினார். "மாமா, நான் நாலு ஆத்துக்குப் போறவன். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

"நான் ஊசி போட்டுண்டாச்சு. எனக்கு ஒண்ணும் வராது."

எனக்கு மார்ச்சிலேயே முதல் ஊசி ஆகியிருந்தது. 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மே முதல் தேதிதான் திறந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. எனக்கு வருமா என்று மட்டும்தான் யோசித்தேன். என்னிடமிருந்து அவருக்குப் போகலாம் என்பது மூளையில் ஏறவே இல்லை. தக்ஷிணை வாங்கும் இடத்தில் இருப்பவர், வயதில் சின்னவர், எத்தனை முறை மறுத்துச் சொல்வார்? கழற்றினார். நானும் கழற்றினேன். மூன்றடி தூரத்தில் ஒன்றரை மணி நேரம். மந்திரம் ஸ்பஷ்டமாகக் கேட்டது. பரம திருப்தி.

24-ம் தேதி சாயங்காலம் எனக்கு ஜுரம். அப்போதே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். டெஸ்ட் வரட்டும், வீணாக எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று இரண்டு நாள் கடத்தினேன். உண்மையைச் சொன்னால் வெட்கம்தான். 26-ல் சொன்னபோது, அதற்குள் இரண்டு வீட்டுக்குப் போய் வந்துவிட்டதாகச் சொன்னார். அந்த இரண்டு வீட்டிலும் ஒன்றும் ஆகவில்லை. அது என் புண்ணியம் இல்லை. அங்கே அவர் மாஸ்க்கைக் கழற்றவில்லை.

28-ல் அவருக்கு ஜுரம் கண்டது. மே 2-ல் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கு வீட்டிலேயே சரியாகிவிட்டது. மே 10 இரவு இந்த ஊர் ருயா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் தடைப்பட்டதில் அரசுக் கணக்குப்படியே 11 பேர் போனார்கள். அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்தபோது, அங்கே சித்தூரில் அவரும் ஆக்ஸிஜனில்தான் இருந்தார். விடியும்வரை நான் தூங்கவில்லை. காலையில் அவர் ஆத்து மாமிக்குப் போன் செய்தேன். "கஞ்சி குடிச்சார் மாமா. நீங்க உடம்பைப் பார்த்துக்கோங்கோ" என்றாள். என்னைக் குறை சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பதினைந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். மூன்று மாதம் எங்கும் போக முடியவில்லை. வைதிகருக்கு மாதச் சம்பளம் கிடையாது, மெடிக்கல் லீவும் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவில் என்னால் ஆனதைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. முன்பெல்லாம் ருத்ரம் ஒரே வீச்சில் போகும். இப்போது நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். அதுதான் நான் சொன்ன கடன். பணத்தால் தீராதது.

2022 திதிக்கு வந்தபோது வாசலிலேயே மாஸ்க் போட்டுக்கொண்டுதான் வந்தார். நான் வாய் திறக்கவில்லை. சங்கல்பம் முதல் கடைசி வரை என் பெண் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல விரல் வைத்துத் தொடர்ந்தேன். ஓரிடத்தில் நான் தவறியபோது தாளைத் தொட்டுக் காட்டினார். உதட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அன்றிலிருந்து இந்த ஏற்பாடுதான். கொரோனா அவசர நிலை முடிந்தது என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இப்போது அவர் எல்லா நாளும் மாஸ்க் போடுவதில்லை. ஜலதோஷ சீசனில் போடுகிறார், யார் வீட்டிலாவது இருமல் சத்தம் கேட்டால் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

வீட்டில் யாருக்காவது ஜுரமோ இருமலோ இருந்தால் முதல் நாளே வாத்தியாருக்குப் போன் பண்ணிவிடுங்கள். டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அமாவாசைத் தர்ப்பணப் பிரயோகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நூறு பிரதி கொண்டு வந்திருக்கிறேன். யஜுர்வேதத்துக்கு மட்டும்தான் இப்போது தயார், ரிக் சாமம் அடுத்த கூட்டத்தில். வெளியே சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறவர்களும் ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம்.